பிறவித் துளை

மண்டை ஓடுகளைத் திட்டுவது அவளுக்குப் பழக்கம். "அசையாம இரு, பல்லு விழுந்தா நான் பொறுப்பில்ல" என்று ஒன்றை அதட்டுவாள். "உன்னைச் சுத்தம் பண்றதுக்குள்ள என் இடுப்பு போச்சு" என்று இன்னொன்றிடம் அலுத்துக்கொள்வாள். அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில், படி இறங்கி இடப்பக்கம் திரும்பினால் கடைசி அறை அவளுடையது. கதவில் 'மனித எலும்புப் பிரிவு' என்று பலகை மாட்டியிருந்தது. அதை இதுவரை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எல்லாருக்கும் அது எலும்பம்மா ரூம்; அவள் எலும்பம்மா. பதினெட்டு வருஷத்தில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் மிச்சமாகிவிட்டது.

ஒரு நீள மேஜை, அதன்மேல் மணல் அடைத்த துணி வளையங்கள், எந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பக்கூடிய ஒரு விளக்கு, சுவரோரம் நான்கு இரும்பு அலமாரிகள். அவ்வளவுதான் அவளுடைய ராஜ்ஜியம். அதில் மூன்றாவது அலமாரியை மட்டும் வேறு யாரையும் தொட விடமாட்டாள். அங்கே இருந்தவை தலை திறக்கப்பட்டவர்களின் ஓடுகள். ஆள் உயிரோடு இருக்கும்போதே, இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, கூரான கல்லை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித் திறந்த தலைகள். ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் இதைச் செய்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வரும் வாத்தியார்கள் "காட்டுமிராண்டிங்க" என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். அப்போது எலும்பம்மாவுக்கு வரும் கோபத்தைப் பார்க்க வேண்டும். "சார், அடிபட்ட தலைக்குள்ள ரத்தம் கட்டினா தொறந்துதான் விடணும். இன்னைக்கும் அதுதான் வைத்தியம். உங்க தலைக்கும் அதேதான்" என்பாள். வாத்தியார் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அடுத்த அறைக்கு நடையைக் கட்டுவார்.

அந்த ஓட்டைகளைப் படிக்கத் தெரிந்துகொள்வது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. விளிம்பைப் பார்த்தால் போதும். உடைந்த கூரை ஓடு மாதிரி கூர்மையாக இருந்தால், திறந்த கையோடு ஆள் போய்விட்டான் என்று அர்த்தம். விளிம்பு மழுங்கி வழவழவென்று இருந்தால் எலும்பு மறுபடி வளர்ந்திருக்கிறது. எலும்பு வளர ஆள் உயிரோடு இருந்தாக வேண்டும். மூன்றாவது அலமாரியில் மொத்தம் பதினொன்று. ஒன்பது பெரியவர்கள், அதில் நான்கு பேர் பிழைத்தவர்கள். இரண்டு குழந்தைகள். இரண்டுக்குமே விளிம்பு கூர்மை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பெரியவர்களில் நான்கு. குழந்தைகளில் ஒன்றுமில்லை.

அவள் புருஷனும் அதே கட்டடத்தில்தான் வேலை பார்த்தான். பின்பக்கம் தகரக் கூரை போட்ட பட்டறையில் மரவேலை மேஸ்திரி. காட்சிப் பெட்டிகள், பீடங்கள், அனுப்பும் சாமான்களுக்குப் பெட்டிகள் எல்லாம் அவன் கைவேலை. முன்பெல்லாம் ஒவ்வொரு பெட்டியையும் முடித்ததும் கவிழ்த்துப்போட்டு, அடிப்பலகையில் பென்சிலால் கையெழுத்துப் போடுவான். அழகான, நீளமான கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் கீழே இறங்கி ஒரு சுற்று சுற்றி மேலே வரும். ஒன்பது வயதில் அவன் மகள் அந்த வாலை அச்சாகப் போடக் கற்றுக்கொண்டு, வீட்டுச் சுவரெல்லாம் போட்டு அடி வாங்கியிருக்கிறாள். மதிப்பெண் அட்டையில் அம்மா கையெழுத்துப் போட வந்தால் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவாள். "உன்னோடது கோழி கிறுக்கின மாதிரி இருக்கு. அப்பாதான் போடணும்."

அதெல்லாம் மூன்று வருஷத்துக்கு முன்னால். இப்போது அவன் கையெழுத்தே போடுவதில்லை. கட்டைவிரல் ரேகைதான். வாயிற்கதவுப் பதிவேட்டில் ரேகை, சாமான் வாங்கிய சீட்டில் ரேகை. அதற்கென்றே வாட்ச்மேன் ஒரு நீல மைப்பெட்டி வைத்திருந்தார். மேலிடத்திலிருந்து கேட்டபோது காப்பாட்சியர் ஏதோ விரலில் அடி என்று சொல்லிச் சமாளித்தார். சுற்றியிருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? 'கைநாட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "என்ன கைநாட்டு, பேனாவுக்கும் உனக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?" என்று கேன்டீனில் கலாய்ப்பார்கள். அவனும் சிரித்துவைப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்த நாளெல்லாம் எலும்பம்மாவுக்குச் சோறு இறங்காது.

ஏன் என்று அவளுக்கு மட்டும் தெரியும். அவன் கடைசியாகக் கையெழுத்துப் போட்டது ஆஸ்பத்திரிக் காகிதத்தில். மகளுடைய தலையைத் திறக்கச் சம்மதம் என்று எழுதிய காகிதம். போட்ட ஒன்றே முக்கால் மணி நேரத்தில் மகள் இல்லை.

ஒவ்வொரு நாள் காலையும் ஸ்கூட்டரைக் கிளப்புவதற்குமுன் அவன் இறங்கி நின்று, அவள் தலையில் ஹெல்மெட்டை மாட்டி, மோவாய்க்குக் கீழே வாரைத் தானே பூட்டுவான். 'டக்' என்று சத்தம் கேட்ட பிறகும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பான். சாயங்காலமும் அப்படியே. மூன்று வருஷமாக அந்தப் பூட்டை அவள் தன் கையால் போட்டதில்லை. அவன் விரல் கழுத்தில் படும்போதெல்லாம், சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று அடித்துக்கொள்ளும். சொல்லமாட்டாள். ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

அந்த வருஷம் காப்பாட்சியருக்கு ஒரு யோசனை உதித்தது. பழங்காலத்துத் தலை வைத்தியத்தைப் பற்றித் தனிக் கண்காட்சி. மனிதருக்கு ஒன்று பிடித்துவிட்டால் விடமாட்டார். "மேடம், ஓட்டை இருக்கிற ஒவ்வொரு மண்டையையும் எக்ஸ்ரே எடுத்துடுவோம். ஒண்ணுகூட விடக் கூடாது."

"சார், எல்லா ஓட்டையும் வைத்தியம் இல்ல. சிலது பூச்சி அரிச்சது, சிலது மண்ணுல உடைஞ்சது, சிலது பிறவியிலயே இருக்கிறது. அதையெல்லாம் எதுக்கு எடுத்துக்கிட்டு?"

"ஓட்டைன்னா ஓட்டை மேடம். எடுத்து வச்சுக்குவோம், நமக்கென்ன நஷ்டம்?"

வேலையத்த வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் முதல் அலமாரியின் அடித்தட்டிலிருந்து பெட்டி எண் முப்பத்தேழை எடுத்து வெளியே வைத்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் வந்த பெட்டி அது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் ஓடு. இடப்பக்கம் காதுக்கு மேலே, சற்றுப் பின்னால், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு வழவழப்பான ஒரு ஓட்டை. வலப்பக்கம் எலும்பே இல்லை, மண்ணோடு போய்விட்டது. சிலர் பிறக்கும்போதே மண்டையின் பின்பக்கம் இரண்டு பக்கமும் ஜோடியாக ஓட்டையோடு பிறப்பார்கள். அப்போது புதுசாகப் படித்துவிட்டு வந்திருந்த எலும்பம்மா, இடப்பக்கம் ஒன்று இருக்கிறது, அதன் ஜோடி காணாமல் போன வலப்பக்கத்தில் இருந்திருக்கும் என்று தீர்மானித்தாள். இல்லாத எலும்பில் இல்லாத ஓட்டையை அவளே போட்டுக்கொண்டாள். பெட்டியின்மேல் சீட்டு ஒட்டினாள்: 'பிறவித் துளை.' கீழே தேதி, அவளுடைய கோழிக் கிறுக்கல். அத்தோடு அதைத் திறக்கவே இல்லை. மூன்றாவது அலமாரியில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. பதினொன்று என்ற எண்ணிக்கையிலும் அது சேரவில்லை.

எக்ஸ்ரே படங்கள் வந்த அன்று காலை பதினோரு மணி இருக்கும். ஒவ்வொன்றாக வெளிச்சப் பலகையில் பொருத்திப் பார்த்துக்கொண்டே வந்தவள், முப்பத்தேழில் நின்றுவிட்டாள். ஓட்டையின் விளிம்பிலிருந்து காதை நோக்கி மயிரிழை போல ஒரு கோடு இறங்கியது. எழுந்துபோய் அந்த மண்டை ஓட்டையே எடுத்து வந்து வளையத்தில் வைத்து, விளக்கைத் தாழ்த்திச் சாய்த்துப் பிடித்தாள். சாய்ந்த வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது. ஓட்டையைச் சுற்றி எலும்பு சரிவாக இறங்கியிருந்தது. சரிவில் அழிந்தும் அழியாமலும் சுரண்டிய கீறல்கள், ஒரே திசையில். மேலே இருந்து பார்த்தால் தெரியாத அளவுக்கு எல்லாவற்றையும் புது எலும்பு மூடியிருந்தது.

பிறவித் துளைக்கு விரிசல் இருக்காது, கீறல் இருக்காது. இது விழுந்து அடிபட்ட தலை. விழுந்த இடத்தில், விரிசலின் மேலேயே யாரோ திறந்திருக்கிறார்கள். விளிம்பு இவ்வளவு உருண்டிருக்க வேண்டுமென்றால் வருஷக்கணக்கு ஆகும். அப்படியானால் ஏழு எட்டு வயதில் விழுந்திருக்கலாம், ஒன்பதில்கூட இருக்கலாம். பிறகு வளர்ந்திருக்கிறது. கடைவாய்ப்பல் முளைத்திருக்கிறது. ஓடியாடி இருந்திருக்கிறது.

அவள் நாற்காலியில் உட்காரத்தான் நினைத்தாள். நாற்காலி எட்டவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடந்தது இதுதான். பள்ளிக்கூட மாடிப்படியில் மகள் விழுந்துவிட்டாள் என்று பதினொன்றரைக்குப் போன் வந்தது. புருஷன் காட்சிச் சாமான்களைக் கட்டி ஏற்றிவர வெளியூர் போயிருந்தான். அடித்துப்பிடித்து வந்தாலும் நான்கு மணி நேரம். இவள் ஓடினாள். மகள் உட்கார்ந்திருந்தாள், பேசினாள்கூட. காதோரம் வீங்கியிருந்தது, அவ்வளவுதான். பன்னிரண்டரைக்கு டாக்டர் படத்தைக் காட்டினார். "உள்ள ரத்தம் கட்டிக்கிட்டு வருதும்மா. இப்ப நல்லாத்தான் பேசுவா, கொஞ்ச நேரத்துல தூங்கிடுவா. அதுக்குள்ள தொறந்து எடுத்துடணும். இதுல கையெழுத்துப் போடுங்க."

வேறு எந்தத் தாயாக இருந்தாலும் போட்டிருப்பாள். படிக்காதவளாக இருந்தால் டாக்டர் காலைப் பிடித்துக்கொண்டு போட்டிருப்பாள். இவள் எலும்பம்மா. பேனாவைக் கையில் வாங்கியதும் இவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது மூன்றாவது அலமாரி. பெரியவர்களில் நான்கு, குழந்தைகளில் ஒன்றுமில்லை. அந்த இரண்டு சின்ன ஓடுகளின் கூர்மையான விளிம்பை எத்தனை தடவை விரலால் தடவியிருக்கிறாள். அந்த விரலில் பேனா நிற்கவில்லை. கல்லை வைத்துக்கொண்டிருந்த காலம் வேறு, இந்த ஆஸ்பத்திரி வேறு என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். வாத்தியார்களுக்கு அவள் எடுத்த பாடமே அதுதான். தெரிந்தது அன்று உதவிக்கு வரவில்லை. "அவங்க அப்பா வரட்டும்" என்றாள்.

"அம்மா, முடியெல்லாம் எடுத்துடுவாங்களா?" என்று மகள் கேட்டாள்.

"யாரும் ஒண்ணும் எடுக்க மாட்டாங்க. நீ படு."

புருஷனுக்குப் போன் செய்தபோதும் "கீழ விழுந்துட்டா, ஆஸ்பத்திரியில இருக்கோம், வாங்க" என்று மட்டும்தான் சொன்னாள். கையெழுத்து என்று சொல்லியிருந்தால் போனிலேயே "போட்டுத் தொலைடி" என்று கத்தியிருப்பான். டாக்டர் ஒன்றரைக்கு மறுபடி வந்து கேட்டார். இரண்டேகாலுக்குக் கோபமாகவே கேட்டார். அதற்குள் மகள் தூங்கிவிட்டிருந்தாள். எழுப்பினால் எழவில்லை. நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அப்போது இவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் வரட்டும், அவர் வரட்டும் என்று கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொன்னாள். நாலேகாலுக்கு அவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். நர்ஸ் நீட்டிய காகிதத்தைப் படிக்கக்கூட இல்லை. அந்த நீளக் கையெழுத்தை, வாலோடு, போட்டுக் கொடுத்தான்.

மறுநாள் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அவன் முதலில் கேட்டது: "தொறக்காம விட்டிருந்தா இருந்திருப்பாளோ?"

அங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். அவள் சொன்னது, "தெரியலயே."

அந்த ஒரு சொல்லைத்தான் அவன் மூன்று வருஷமாகக் கட்டைவிரலில் மை பூசிக்கொண்டு சுமந்தான்.

தரையில் உட்கார்ந்திருந்தவளைக் காப்பாட்சியர் வந்து பார்த்தார். படத்தைப் பார்த்தார், ஓட்டைப் பார்த்தார். அவருக்கு வந்த சந்தோஷத்தில் அவள் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. "மேடம், நடுப்பெட்டி இதுக்குத்தான்! பொழச்ச குழந்தை! எல்லாரும் இதைப் பார்க்கத்தான் வருவாங்க." குதிக்காத குறையாக மாடிக்குப் போனார். போன வேகத்தில் பட்டறைக்குச் சொல்லி அனுப்பினார்: ஒருபக்கம் உடைந்த ஓடு, சாதாரண வளையத்தில் நிற்காது, மேஸ்திரியே நேரில் வந்து அளவெடுக்க வேண்டும்.

இந்த மூன்று வருஷத்தில் அவன் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. அளவுகளை அவள் தாளில் எழுதித் தருவாள், அவன் பீடம் செய்து வெளியே வைத்துவிட்டுப் போவான். அன்று சாப்பாட்டு நேரம் முடிந்ததும் வந்தான். காதில் பென்சில், கையில் வளைவுகளை அளக்கும் கவைக்காம்பஸ், அட்டைத் துண்டுகள். கதவருகில் நின்று செருப்பைக் கழற்றினான். அங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை.

"எது?"

காட்டினாள். அவன் வேலைக்காரனின் கண்ணோடு குனிந்தான். முதலில் உடைந்த பக்கத்தைப் பார்த்தான், எங்கே தாங்கல் கொடுக்கலாம் என்று. பிறகு ஓட்டைப் பக்கம் திருப்பச் சொன்னான். திருப்பி வைத்தாள். அவன் கை தானாக நீண்டு, நடுவழியில் நின்றது.

"தொடலாமா?"

"தொடுங்க."

சரிவின்மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாக ஓட்டினான். மைக்கறை போகாத அந்தக் கட்டைவிரல். "குத்தித் தொறக்கல. சுரண்டியிருக்கான். ஒரே பக்கமா, அழுத்தாம. அழுத்தினா இந்தச் சரிவு இப்படி வராது, பிசிறிடும்." விரலை இன்னொரு முறை ஓட்டினான். "நல்ல கை. அவசரப்படாத கை."

"ம்."

"சின்னப் புள்ளையா?"

"பன்னெண்டு, பதிமூணு இருக்கும். தலைய தொறந்தது அதுக்கு ரொம்ப முன்னாடி."

"முன்னாடின்னா?" அவன் நிமிர்ந்தான். "அப்ப பொழச்சுதா?"

"பொழச்சது. வருஷக்கணக்கா இருந்திருக்கு."

அவன் ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான். கேன்டீன் சிரிப்பு. "பாரேன். ஒரு கல்லை வச்சுக்கிட்டு ஒருத்தன் காப்பாத்திட்டான். நம்ம புள்ளைக்கு லைட்டு, மிஷினு, டாக்டருன்னு அத்தனை இருந்துச்சு. என் கையெழுத்து ராசி, எதுவும் உதவல."

இனிமேலும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவள் மனுஷியே இல்லை. அது அவளுக்கே தெரிந்தது.

"உங்க கையெழுத்து இல்லைங்க."

"விடு. எத்தனை தடவை பேசுறது."

"பேசவே இல்லையே. ஒரு தடவைகூட நான் பேசலையே." அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர் பன்னெண்டரைக்கே கேட்டாரு. தொறக்கணும், உடனே போடுங்கன்னு பேனாவ எங்கையில குடுத்தாரு. நான்தான் போடல. நீங்க வரட்டும்னு சொல்லிட்டேன். மூணு தடவை கேட்டாரு. நான்தான் போடல."

அவன் கையிலிருந்த கவைக்காம்பஸை மூடினான்.

"இந்த அலமாரிய நெனச்சுப் பயந்துட்டேன். இதுல கொழந்தை ஒண்ணுகூடப் பொழைக்கல, தொறந்தா போயிடுவான்னு பயந்துட்டேன். பொழச்சது ஒண்ணு இங்கயேதான் இருந்துச்சு. நான்தான் தப்பாச் சீட்டு எழுதி அந்த அலமாரியில போட்டு மூடிட்டேன்." முப்பத்தேழாம் பெட்டியின் சீட்டைக் காட்டினாள். "தொறந்ததுனால அவ போகலைங்க. லேட்டாத் தொறந்ததுனால போனா. அன்னைக்கே எனக்குத் தெரியும். நீங்க கேட்டப்ப தெரியலன்னு சொன்னேன்."

"பன்னெண்டரைக்கா?"

"பன்னெண்டரைக்கு."

"நான் வந்தது நாலேகாலு." அளவு சரிபார்ப்பது போல நிதானமாகச் சொன்னான். "பன்னெண்டரைக்குப் பேசிக்கிட்டு இருந்தாளா?"

"பேசினா. முடிய எடுத்துடுவாங்களான்னு கேட்டா."

அதைக் கேட்டதும் அவன் முகம் கோணிக்கொண்டது. சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். முதுகு மட்டும் குலுங்கியது. அவள் கிட்டே போனாள். அவன் திரும்பாமலே கையை உயர்த்தி, அங்கேயே நில் என்று காட்டினான். நின்றுவிட்டாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"டாக்டருக்கு. நர்ஸுக்கு."

"எனக்கு மட்டும்தான் தெரியாது." திரும்பினான். கண் சிவந்திருந்ததே தவிரக் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால், ஒரு அறை விட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நீ பயந்தது எனக்குப் புரியுது. எனக்கும் பயந்தான் வந்திருக்கும். அதை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா மூணு வருஷமா இந்த விரலப் பார்த்தியே. தெனம் பார்த்தியே. நான் மை தொட்டு வைக்கிறதப் பார்த்துக்கிட்டே பக்கத்துல நின்னியே."

மன்னிச்சிடுங்க என்று வாய்வரை வந்தது. அந்தச் சொல்லின் அளவு போதவில்லை.

அவன் காம்பஸை மறுபடி விரித்தான். ஓட்டின் நீளம், அகலம், உடைந்த பக்கத்தின் பள்ளம் எல்லாவற்றையும் அளந்து அட்டையில் குறித்தான். அவள் மண்டை ஓட்டைப் பிடித்துக்கொள்ள, அட்டையை அதன் வளைவுக்கு ஏற்றபடி வெட்டிப் பொருத்திப் பார்த்தான். இருவர் கையும் அரை விரற்கடை தூரத்தில் இருந்தன. ஒருமுறைகூடப் படவில்லை. அவன் பார்த்துப் பார்த்துத்தான் செய்தான்.

"துணி வச்சுத் தைக்கணும் இந்தப் பக்கம். வெறும் மரம் உறுத்தும்" என்றான், ஓட்டைப் பார்த்து. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அதன்பிறகு அவள் பழைய சீட்டைக் கிழித்தாள். பதினெட்டு வருஷத்துப் பசை, முழுசாக வரவில்லை. 'பிறவி' வந்தது, 'துளை' ஒட்டிக்கொண்டது. அதன்மேலேயே புதுச் சீட்டை ஒட்டி எழுதினாள்: 'அடிபட்ட குழந்தை. தலை திறக்கப்பட்டது. பிழைத்தது.' மண்டை ஓட்டை மூன்றாவது அலமாரிக்கு எடுத்துக்கொண்டு போய், கூர்மை விளிம்புக் குழந்தைகள் இரண்டுக்கும் பக்கத்தில் வைத்தாள். பெரியவர்களில் நான்கு. குழந்தைகளில் ஒன்று. அலமாரிக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, மகளைக் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லி, வாய்விட்டு அழுதாள். இந்த மூன்று வருஷத்தில் அவள் அப்படி அழுததில்லை. அழ அவளுக்கு உரிமை இருப்பதாக அவளே நினைத்ததில்லை.

ஐந்தரைக்கு முகம் கழுவிக்கொண்டு வாயிற்கதவுக்கு வந்தாள். வாட்ச்மேன் அவளைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அம்மா, இங்க வாங்க, ஒரு அதிசயம் காட்டுறேன். நம்ம கைநாட்டு இன்னைக்கு என்ன பண்ணியிருக்காரு பாருங்க. மைப்பெட்டிய எடுத்து நீட்டுறேன், வேணாங்கிறாரு. பேனா கேட்டாரு! கைல வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு பாவம். மறந்துபோச்சோன்னு நெனச்சேன்."

பதிவேட்டைத் திருப்பி வைத்தார். காலையில் உள்ளே வந்த நேரத்துக்கு நேரே நீல ரேகை. அதே வரியில், வெளியே போன நேரம் மூன்றரை. அதற்கு நேரே கையெழுத்து. முதல் எழுத்துகள் கொஞ்சம் நடுங்கியிருந்தன. போகப்போகக் கை பழகிவிட்டது. கடைசி எழுத்தின் வால் கீழே இறங்கி, ஒரு சுற்று சுற்றி, மேலே வந்திருந்தது. மகள் போட்டதா அப்பா போட்டதா என்று யாரும் சொல்ல முடியாது.

அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். கை திரும்பக் கிடைத்துவிட்டதே என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள்.

"மூணரைக்கே போயிட்டாரா?"

"ஆமாம்மா. ஊருக்குப் போறேன், அண்ணன் வீட்டுல இருப்பேன்னாரு. நடுப்பெட்டி ஸ்டாண்ட அங்கிருந்தே செஞ்சு அனுப்புறாராம். உங்களுக்குத் தெரியும்னாரு." வாட்ச்மேன் மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ எடுத்தார். "இதை உங்ககிட்ட குடுத்துடச் சொன்னாரு."

அவளுடைய ஹெல்மெட். துடைத்து வைத்திருந்தான். வார் இரண்டையும் சிக்கில்லாமல் மடித்து உள்ளே செருகியிருந்தான்.

வாங்கிக்கொண்டாள். வெளியே, வழக்கமாக ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில், எண்ணெய் சொட்டிய கறை மட்டும் இருந்தது. தினமும் அந்த நேரத்துக்குச் செய்வதையே அவள் செய்தாள். ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றாள். வார் இரண்டும் கழுத்துக்கு இருபக்கமும் தொங்கின.

வாட்ச்மேன் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் பதிவேட்டை மூடி வைத்தார்.